கீமோவுடன் மூலிகைச் சாறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீமோதெரபிக்கு நாள் குறித்தாகிவிட்ட வீட்டுக்கு அந்த வாரத்திலேயே ஒரு செய்தி வந்து சேரும். ஏதோ ஒரு செடியின் சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறதாம், கீமோ மருந்துடன் சேர்த்தால் மருந்தின் வீரியமும் கூடுகிறதாம், ஆய்விலேயே நிரூபித்துவிட்டார்களாம். அனுப்புகிறவர் அக்கறையோடுதான் அனுப்புகிறார். அந்த ஆய்வும் பல சமயம் உண்மையாகவே நடந்ததுதான். அப்படியிருந்தும், அதை நம்பிச் சாறு குடித்தவருக்குப் பலன் கிடைக்காமல் போவதும், சில நேரம் நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையே கெட்டுப்போவதும் உண்டு. தவறு எந்த இடத்தில் நுழைகிறது என்று பார்ப்போம். நோயாளிகளையும் குடும்பத்தினரையும் மனத்தில் வைத்து எழுதினாலும், இந்தத் துறையில் ஆய்வைத் தொடங்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். இரு தரப்பும் செய்யும் தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்.

செடிகளைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. கீமோ வார்டில் சொட்டுச் சொட்டாக ஏறும் மருந்துகளில் பல, செடிகள் கொடுத்தவை. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் அதற்கு முக்கிய இடம் உண்டு. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வேதியியலாளர்கள் மன்றோ வாலும் மன்சுக் வானியும் பிரித்தெடுத்த பாக்லிடாக்செல்லின் கட்டமைப்பு 1971-இல் வெளியானது. நோயாளிகளுக்குக் கொடுக்க ஒப்புதல் கிடைத்தது 1992-இல். இருபத்தோரு ஆண்டுகள்! போதிய பட்டை கிடைக்காமல் கழிந்த காலமும் அதில் உண்டு. மீதிக் காலம், அந்த மூலக்கூறு செல்லுக்குள் என்ன செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் கட்டி சுருங்கும், எவ்வளவுக்கு மேல் நோயாளி தாங்கமாட்டார், கல்லீரல் அதை எப்படி வெளியேற்றுகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டறிவதில் போயிற்று.

ஒரு சாறு உண்மையிலேயே செல்லுக்குள் புகுந்து ஏதாவது செய்கிறது என்றால், அது மருந்துதான். மருந்திடம் கேட்கும் கேள்விகள் அத்தனையையும் அதனிடமும் கேட்டாக வேண்டும். செடி என்பதால் கேட்காமல் விட்டுவிடுகிறோமே, அதுதான் நான் சொன்ன வேர்.

தட்டில் செத்த செல்லை உடம்பில் செத்ததாக எண்ணுவது

செய்திகளில் வரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் தட்டில் வளர்த்த செல்கள்மேல் நடந்தவை. ஊட்டநீரில் செல்கள் மிதக்கும் அல்லது ஒட்டியிருக்கும். அதன்மேல் சாற்றை ஊற்றுவார்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து எத்தனை செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுவார்கள். இது அவசியமான முதல் படி. ஆனால் இந்தப் படியில் செல்லுக்கும் சாற்றுக்கும் நடுவில் எதுவுமே இல்லை. வயிறு இல்லை, குடல் இல்லை, கல்லீரல் இல்லை, ரத்தம் இல்லை.

மஞ்சளில் உள்ள குர்குமினை எடுத்துக்கொள்வோம். தட்டில் புற்றுநோய்ச் செல்களை வீழ்த்தப் பொதுவாக 10 மைக்ரோமோலார் அல்லது அதற்கும் மேற்பட்ட செறிவு தேவைப்படுகிறது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் நோயாளிகள் தினமும் 3.6 கிராம் குர்குமினை விழுங்கினார்கள். ஒரு மணி நேரம் கழித்து ரத்தத்தில் அளந்தபோது இருந்தது சுமார் 11 நானோமோலார் (ஆயிரம் நானோமோலார் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோமோலார்). கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு குறைவு! குடலில் சரியாக உறிஞ்சப்படாமலும், உறிஞ்சப்பட்டதும் கல்லீரலில் உருமாறியும் அது போய்விடுகிறது. தட்டில் கண்ட விளைவை ரத்தத்தில் கொண்டுவர இன்னும் நாலு கரண்டி சேர்த்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்ல வேண்டும்.

ஆகவே ஆய்வுச் செய்தி எதைப் படித்தாலும் முதலில் தேட வேண்டியது செறிவு. எவ்வளவு ஊற்றியபோது செல் செத்தது? அந்த அளவு மனித ரத்தத்தில் எட்டக்கூடியதா? அடுத்த கேள்வி, பக்கத்திலேயே நல்ல செல்களை வைத்து அவற்றின்மேலும் ஊற்றினார்களா என்பது. போதிய அளவில் ஊற்றினால் உப்பும் சாராயமும்கூட எந்தச் செல்லையும் கொல்லும். புற்றுநோய்ச் செல் சாகும் அளவில் நல்ல செல் பிழைத்திருந்தால்தான் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது.

மாணவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். எத்தனை செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று பார்க்கும் எம்டிடி சோதனையில் உயிருள்ள செல்கள் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றுகின்றன. ஊதாவின் அடர்த்தியை வைத்துச் செல்களைக் கணக்கிடுகிறோம். செடிச்சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் செல்லே இல்லாத கிண்ணத்திலும் அந்தச் சாயத்தை ஊதாவாக்க வல்லவை. அப்போது செத்த செல்லெல்லாம் உயிரோடு இருப்பதுபோல் கணக்கு வரும். அதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு: பாலிஃபீனால்கள் ஊட்டநீரில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல்லைக் கொன்றது சாறா, தட்டில் உருவான பெராக்சைடா? செல் இல்லாத கிண்ணம் ஒன்று, சாற்றைக் கரைத்த கரைப்பான் மட்டும் ஊற்றிய கிண்ணம் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைக்காத சோதனையை நான் நம்புவதில்லை. செல் வரிசை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் ஒரே மூலத்துச் செல்கள்) எது என்பதையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வரிசையை ஆண்டுக்கணக்கில் மார்பகப் புற்றுநோய்ச் செல் என்று நம்பிப் பயன்படுத்தினார்கள். மரபணுவைச் சோதித்தபோது அது மெலனோமா என்னும் தோல் புற்றுநோயைச் சேர்ந்தது என்று தெரிந்தது.

'இரண்டும் சேர்ந்தால் இன்னும் அதிகம்' என்ற கணக்கு

கீமோ மருந்தும் சாறும் சேர்ந்தபோது அதிகச் செல்கள் செத்தன என்றால் சாறு மருந்தின் வீரியத்தைக் கூட்டிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு செல்களில் மருந்து மட்டும் 40-ஐக் கொல்கிறது. சாறு மட்டும் 30-ஐக் கொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் தனித்தனியே வேலை செய்தால், மருந்துக்குத் தப்பிய 60-இல் சாறு 30 சதவீதத்தை, அதாவது 18-ஐக் கொல்லும். மொத்தம் 58. ஆக, 40 என்பது 58 ஆனதை வைத்து வீரியம் கூடியதாகச் சொல்ல முடியாது, எதிர்பார்த்ததுதான் நடந்தது. 58-ஐத் தெளிவாகத் தாண்டினால்தான் கூட்டு விளைவு என்று பேச இடம் உண்டு. 58-க்குக் கீழே போனால் ஒன்று மற்றதன் காலை வாருகிறது என்று பொருள். சௌ, தலாலே என்ற இருவர் 1984-இல் இதற்கென ஒரு கூட்டுக் குறியீட்டை வகுத்துக் கொடுத்தார்கள்: 1-க்குக் கீழ் என்றால் கூட்டு வீரியம், 1 என்றால் வெறும் கூட்டல், 1-க்கு மேல் என்றால் எதிர்விளைவு. அந்த எண்ணைக் கொடுக்காத கட்டுரையில் 'கூட்டு வீரியம்' என்ற சொல் வந்தால் நிதானமாகப் படியுங்கள்.

உண்மையிலேயே வீரியம் கூடினாலும் விஷயம் முடிவதில்லை. யாருக்கு எதிரான வீரியம் கூடியது? புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் ஒரு பம்பு உண்டு. 1976-இல் கண்டுபிடிக்கப்பட்ட பி-கிளைக்கோபுரதம் அது. இந்தப் பம்பை அடைத்தால் மருந்து உள்ளேயே தங்கும் என்பது அழகான யோசனை. பல செடிப்பொருள்கள் தட்டில் அதைச் செய்துகாட்டுகின்றன. இதே வேலைக்கென்றே ஆய்வகத்தில் உருவாக்கிய வால்ஸ்போடார் என்ற மருந்தைப் பெரிய அளவில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அது நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை. அந்தப் பம்பு குடலிலும் கல்லீரலிலும் மூளையின் காவல் சுவரிலும் இருக்கிறது. அதோடு அந்த மருந்து கீமோ உடம்பிலிருந்து வெளியேறுவதையும் தடுத்ததால் நச்சுத்தன்மை ஏறியது. கீமோவின் அளவையே குறைக்க வேண்டியதாயிற்று. துல்லியமாக அளந்து கொடுத்த ஒற்றை மூலக்கூறுக்கே இந்த நிலை என்றால், நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள் கலந்த சாற்றைப் பற்றி எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

கல்லீரலைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

என் பார்வையில் இதுதான் ஆகப் பெரிய தவறு. இதன் விளைவு கண்ணுக்குத் தெரியாது.

கல்லீரலிலும் குடல் சுவரிலும் சிஒய்பி3ஏ4 என்றொரு நொதி இருக்கிறது. நாம் விழுங்கும் மருந்துகளில் ஏறக்குறைய பாதியை உடைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. கீமோ மருந்துகள் பலவும் அதில் அடக்கம். சில செடிகள் இந்த நொதியை முடுக்கிவிடும். அப்போது மருந்து வேகமாக உடைந்து வெளியேறும். கட்டிக்குப் போய்ச்சேர வேண்டிய அளவு போய்ச்சேராது. வேறு சில செடிகள் நொதியை முடக்கும். அப்போது வழக்கமான அளவே அளவுக்கு மீறியதாகி, வெள்ளணுக்கள் சரியும், வாய் புண்ணாகும், வயிற்றுப்போக்கு நிற்காது. கிரேப்ஃப்ரூட் சாறு இப்படி முடக்கும் வகை. மிளகில் உள்ள பைப்பரினும் அப்படியே.

இரினோடெகான் என்ற கீமோ மருந்தின் கதை இதை நன்றாக விளக்கும். அதன் மூலப்பொருளான கேம்ப்டோதெசின் ஒரு சீன மரத்திலிருந்து 1966-இல் பிரித்தெடுக்கப்பட்டது. பிரித்தெடுத்தவர்கள் நாம் மேலே பார்த்த அதே வாலும் வானியும் அவர்களுடைய குழுவும்தான். அப்படியே கொடுத்தபோது நோயாளிகளால் தாங்க முடியவில்லை. மூலக்கூறைத் திருத்தி, 1996-இல் இரினோடெகானாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற முப்பது ஆண்டுகள் ஆயின. பிறகு 2002-இல் நெதர்லாந்தில், இரினோடெகான் எடுத்துக்கொண்டிருந்த ஐந்து பேருக்கு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையின் சாற்றை நாளுக்கு 900 மில்லிகிராம் கொடுத்து ரத்தத்தை அளந்தார்கள். மனச்சோர்வுக்குப் பலர் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடும் மூலிகை அது. புற்றுநோயைத் தாக்கும் மருந்து வடிவத்தின் அளவு ரத்தத்தில் 42 சதவீதம் குறைந்துபோயிருந்தது. முப்பது ஆண்டு உழைப்பில் ஒரு மரம் தந்த மருந்தை இன்னொரு செடி ஏறக்குறைய பாதியாக்கிவிட்டது. இது சோதனை என்பதால் தெரியவந்தது. சோதனைக்கு வெளியே அந்த நோயாளிக்கு வலிக்காது, காய்ச்சல் வராது. பக்கவிளைவு குறைந்துவிட்டது, மூலிகை நன்றாக வேலை செய்கிறது என்றுகூடத் தோன்றும்.

இங்கே பலர் சொல்லும் ஒரு யோசனை: 'கீமோ அன்று மட்டும் நிறுத்திக்கொள்கிறேன்', 'இரண்டுக்கும் நடுவில் ஆறு மணி நேரம் இடைவெளி விடுகிறேன்'. முடுக்கிவிடப்பட்ட நொதி பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். மணிக்கணக்கு இடைவெளி அதற்கு உதவாது.

கல்லீரல் வரைக்கும்கூடப் போகாமல், மருந்தையே நேரடியாகப் பிடித்துக்கொள்ளும் செடிப்பொருளும் உண்டு. மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்டெசோமிப் மருந்தின் வேலைசெய்யும் முனையில் போரான் இருக்கிறது. பச்சைத் தேயிலையின் ஈஜிசிஜி என்ற பொருள் அந்த முனையோடு பிணைந்து மருந்தைச் செயலிழக்கச் செய்வதை 2009-இல் செல்களிலும் எலிகளிலும் காட்டினார்கள். ஆய்வாளர்கள் எதிர்பார்த்தது இரண்டும் கைகோக்கும் என்பதை. கிடைத்ததோ நேர் எதிரானது.

குர்குமின் உறிஞ்சப்படுவதில்லை என்பதால் அதோடு பைப்பரினைச் சேர்த்து மாத்திரையாக்குகிறார்கள். 1998-இல் வந்த ஓர் ஆய்வில் அப்படிச் சேர்த்தபோது ரத்தத்தில் குர்குமினின் இருப்பு 20 மடங்கு கூடியது. இந்தத் தகவல் எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது. ஆனால் பைப்பரின் குர்குமினுக்காக மட்டும் கதவைத் திறந்துவிடுவதில்லை. அதே நேரத்தில் உடம்பில் இருக்கும் கீமோ மருந்துக்கும், ரத்த அழுத்த மாத்திரைக்கும், வலி நிவாரணிக்கும் சேர்த்தே திறந்துவிடக்கூடும்.

நல்ல செல்லைக் காப்பது கெட்ட செல்லையும் காக்கலாம்

'ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது' என்ற வாசகம் மூலிகைப் பொடி டப்பாக்களில் தவறாமல் இருக்கும். கீமோ மருந்துகள் சில, புற்றுநோய்ச் செல்லுக்குள் ஆக்சிஜன் சார்ந்த சேதத்தை உண்டாக்கித்தான் அதைக் கொல்கின்றன. அந்தச் சேதத்தைத் தடுக்கும் பொருளை அதே நேரத்தில் நிறைய எடுத்துக்கொண்டால் அது யாரைக் காக்கும்? நல்ல செல் எது, கெட்ட செல் எது என்று அதற்கு அடையாளம் தெரியாது. 2002-இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வில், உணவில் கலந்த குர்குமின் சைக்ளோபாஸ்பமைடு மருந்தால் மார்பகக் கட்டி சுருங்குவதைத் தடுத்தது. 2020-இல் 1,134 மார்பகப் புற்றுநோய் நோயாளிகளைப் பற்றி வெளியான ஆய்வில், கீமோவுக்கு முன்பும் நடுவிலும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து 41 சதவீதம் கூடுதலாகத் தென்பட்டது. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்கோட்டில்தான் அந்த எண் நிற்கிறது. எனினும் சிகிச்சை நடக்கும் மாதங்களில் அந்த எல்லைக்கோட்டில் நின்று சோதித்துப்பார்க்க எனக்கு மனம் வராது. சாப்பாட்டில் இயல்பாக இருக்கும் காய்கறி, பழங்களைப் பற்றி இங்கே பேசவில்லை. செறிவூட்டிய சாறு, பொடி, மாத்திரை பற்றியே பேசுகிறேன்.

பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு

ஆய்வகத்தில் எத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறும், அடுப்பில் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்த கஷாயமும் ஒரே இலையிலிருந்து வந்தாலும் ஒன்றல்ல. தண்ணீரில் கரைவதெல்லாம் எத்தனாலில் கரையாது. எத்தனாலில் கரைவதெல்லாம் தண்ணீரில் வராது. வேரா, இலையா, விதையா, எந்தப் பருவத்தில் பறித்தது என்பதைப் பொறுத்தும் மாறும். ஆய்வு ஒன்றைப் பற்றியது, குடிப்பது வேறொன்று.

கலப்படம் இன்னும் மோசம். எட்டு மூலிகைகள் சேர்ந்தது என்று விற்கப்பட்ட பிசி-ஸ்பெஸ் என்ற தயாரிப்பு, புராஸ்டேட் புற்றுநோய் நோயாளிகளுக்கு நன்றாகவே வேலை செய்வதுபோல் இருந்தது. சோதித்தபோது அதில் செயற்கை ஹார்மோனும் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் கலந்திருந்தது தெரிந்து, 2002-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கும் மாத்திரைகளில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்திருந்த இன்னொரு மூலிகை தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலத்தால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பழுதானது; பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

புற்றுநோய்க்கு மாற்று என்று ஓயாமல் பகிரப்படும் முள்சீத்தாவின் விதை, இலைகளில் அன்னோனாசின் என்ற நரம்பு நஞ்சு இருக்கிறது. குவாதலூப் தீவில் அதை வழக்கமாக உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நோய் அதிகம் இருப்பதை 1999-இல் மருத்துவர்கள் கவனித்தார்கள்.

கீமோ காலத்துக்கே உரிய சில சிக்கல்களும் உண்டு. வெள்ளணு குறைந்திருக்கும் நாளில் கொதிக்கவைக்காத பச்சைச் சாறு குடித்தால் மண்ணிலிருந்து வரும் கிருமி நேராக உள்ளே போகும். ரத்தத் தட்டணு குறைந்திருக்கும்போது ஜின்கோ, செறிவூட்டிய பூண்டு மாத்திரை போன்றவை ரத்தக்கசிவை அதிகமாக்கலாம். பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரை வழியாக நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஈஜிசிஜி எடுத்தால் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் அளவுகள்) உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. நொதிகள் உயர்ந்தால் மருத்துவர் கீமோவைத்தான் சந்தேகிப்பார். அளவைக் குறைப்பார் அல்லது அடுத்த சுற்றைத் தள்ளிப்போடுவார்.

எங்கே பலன் உண்டு

கீமோவை மேம்படுத்துவது என்றாலே கட்டியைக் கொல்லும் வீரியத்தைக் கூட்டுவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். குறித்த நாளில், குறித்த அளவில், எல்லாச் சுற்றுகளையும் ஒருவர் முடிக்க முடிந்தால் அதுவே பெரிய மேம்பாடு. செடிகள் மனிதர்களிடம் ஓரளவு நிரூபித்திருப்பது இந்தப் பக்கத்தில்தான். 2012-இல் வெளியான, 576 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்துகளோடு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி மாத்திரை எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. பின்னர் வந்த வேறொரு சோதனையில் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013-இல் 364 பேரிடம் நடந்த சோதனையில் அமெரிக்க ஜின்செங் எட்டு வாரத்தில் களைப்பைக் குறைத்தது. யேல் பல்கலைக்கழகத்தில் நான்கு மூலிகைகள் சேர்ந்த ஒரு பழைய சீன மருந்தை ஒவ்வொரு தொகுதியும் ஒரே தரத்தில் இருக்கும்படி தயாரித்து, இரினோடெகான் எலிகளின் குடலில் உண்டாக்கும் புண்ணை அது ஆற்றுவதைக் காட்டினார்கள். பிறகு மனிதர்களிடமும் சோதனைக்கு எடுத்துச்சென்றார்கள். அளவு தெரியும், தரம் தெரியும், எந்தக் கீமோவோடு என்று தெரியும். வழி அதுதான்.

மருத்துவரிடம் மறைப்பது

அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஆய்வு, வழக்கமான சிகிச்சையோடு மாற்று மருத்துவத்தையும் எடுத்துக்கொண்ட 258 பேரை, மற்ற 1,032 பேரோடு ஒப்பிட்டது. முதல் குழுவில் இறப்பு ஆபத்து இரண்டு மடங்காக இருந்தது. காரணத்தைத் தேடியபோது, அவர்களில் 34 சதவீதம் பேர் பரிந்துரைத்த கீமோவை மறுத்திருந்தார்கள். மற்ற குழுவில் அது 3 சதவீதம். துணைக்கு என்று வந்தது சிலருக்கு முதன்மையாகிவிட்டிருந்தது. இந்த நழுவலை வீட்டில் யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நோயாளிகள் மறைப்பதற்குப் பெரும்பாலும் பயம்தான் காரணம். திட்டுவார், கேலி செய்வார், சிகிச்சையை நிறுத்திவிடுவார் என்று நினைக்கிறார்கள். சில மருத்துவர்கள் அப்படி நடந்துகொள்வதும் உண்டு. அது அவர்கள் பக்கத்துத் தவறு. உங்கள் மருத்துவர் கேட்கத் தயாராக இல்லையென்றால் மருத்துவமனையின் மருந்தாளுநரிடம் கேளுங்கள். எந்த மருந்து எதோடு மோதும் என்பது அவருடைய படிப்பு.

இப்போதே ஏதாவது எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் ஒரு தாளில் எழுதுங்கள்: செடியின் பெயர், எந்தப் பகுதி, கஷாயமா பொடியா மாத்திரையா, ஒரு நாளைக்கு எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, கடைசியாக எப்போது. டப்பா இருந்தால் அதையும் கையோடு எடுத்துச்செல்லுங்கள். அடுத்த சுற்றுக் கீமோவுக்கு முன் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள். கீமோ ஏறத் தொடங்கிய பிறகு கொடுத்தால் அதை வைத்து அந்தச் சுற்றில் எதையும் மாற்ற முடியாது.